மார்கரெட் வீட்டுச் செடியின் தலையை வெட்டினேன்

"ஏட்டி, நோட்டுல வேரு வரைஞ்சா செடி முளைச்சிருமாக்கும்?" ராஜபாளையத்தில் நான் தாவரவியல் படிக்கச் சேர்ந்தபோது, நூல் மில்லில் வேலை பார்த்த அத்தை கேட்டது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இன்று கிளாஸ்கோவில் மேற்படிப்புப் படிக்கிறேன். அந்தப் பெருமையை நான் ஒளித்துவைப்பதில்லை.

இங்கே வீட்டுக்காரம்மா மார்கரெட், குளிர்காலத்துக்கு மகள் வீட்டுக்குப் போகும்போது ஒரு சின்னத் தொட்டியை என்னிடம் ஒப்படைத்தார். எச்சிவேரியா என்று பெயர். தடித்த இலைகள் ரோஜாப்பூப் போல அடுக்கியிருக்கும். "இறந்துபோன என் கணவர் வைத்தது. உனக்குச் சொல்லவா வேண்டும், தாவரவியல்காரி!" என்றார். நானும் நம்மூர் வழக்கப்படி காலையில் பல் தேய்த்த கையோடு தண்ணீர் ஊற்றினேன். வெயில் எட்டிப் பார்க்காத ஜன்னலில் செடி கிடுகிடுவென்று உயர்ந்தது. பூரித்துப்போய், அவரைக்கொடிக்குக் குச்சி நடுவதுபோல் ஒரு பென்சிலை நட்டுக் கட்டினேன். போனில், "ஒரு சாண் வளர்த்துவிட்டேன்!" என்றேன். "அது வளரவே கூடாதே," என்றார் மார்கரெட். வெளிச்சம் பத்தாத செடி இப்படித்தான் நீளும் என்பது அப்போதுதான் உறைத்தது. பரீட்சையில் நான் முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி.

தலையை வெட்டி, வெட்டுவாயை உலரவிட்டு, மறுபடி நட்டால்தான் தப்பிக்கும். பிளேடால் வெட்டிவிட்டேன். ஆனால் இந்த ஈர நாட்டில் உலர்த்த இடம்? ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவாசல்களில் திருஷ்டிக்குத் தலைகீழாகத் தொங்கும் கற்றாழை நினைவுக்கு வந்தது. ஒரு பாத்திரக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன்: "இதுக்கு எப்பம் தண்ணி ஊத்துவீய?"

"யாரு தாயி ஊத்துறா? அது பாட்டுக்குக் கெடக்கு. என்னைய விட நல்லாத்தான் இருக்கு."

முன்வாசல் நிலையில் நூல் கட்டித் தலையைத் தொங்கவிட்டேன்.

சில வாரங்களில் மார்கரெட் சொல்லாமல் வந்து கதவைத் திறந்தார். தலை அவர் நெற்றியில் மோதியது. "யாரைத் தூக்கிலிட்டிருக்கிறாய்?"

"கெட்ட கண் படாமல் இருக்க எங்கள் ஊரில் இப்படித்தான்..." என்று உளறினேன்.

"என் கண்ணா கெட்ட கண்?"

கோபத்தோடு கண்ணாடியை மாட்டி உற்றுப் பார்த்தார். வெட்டுவாயில் மயிரிழை போல இளஞ்சிவப்பு வேர்கள். ஜன்னலில் தொட்டியில் நின்ற மொட்டைத் தண்டிலோ சுற்றிலும் துளிர்கள்.

"இதில் எது அவர் வைத்த செடி?"

"இரண்டும்தான்," என்றேன்.

தொட்டியை எடுத்து அணைத்துக்கொண்டார். தலையை அவிழ்த்து என்னிடம் தந்தார்.

படிப்பு முடியப்போகிறது. எப்போது வருகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். எப்போது போகிறாய் என்று மார்கரெட் கேட்பதில்லை. நேற்று அந்தத் தலையை நட்டேன், விமானத்தில் தூக்கிக்கொண்டு போக முடியாத அளவுக்குப் பெரிய தொட்டியில்.