வெறுங்காலுக்குத் தண்டனை

தோல் தரம் பிரிக்கும் கூடத்துக்குள் இன்று காலை என்னை விடவில்லை. பூட்ஸ் போட மறுத்தேன். அதுதான் குற்றம்.

பட்டணத்திலிருந்து தோல் வாங்கும் துரை வருகிறாராம்; அவர் பார்க்க எல்லாரும் பூட்ஸ் போட வேண்டுமாம். சின்ன முதலாளி என்னை வாசலிலேயே மடக்கினார்.

"இன்னா பெரியவரே, எல்லாரும் பூட்ஸ் மாட்டிக்கினாங்க. உங்களுக்கு மட்டும் இன்னா பேஜாரு?"

"விரிச்ச தோலுல ஈரம் பாக்கி இருக்குதான்னு என் காலு சொல்லும் தம்பி. பூட்ஸ் சொல்லுமா?"

"அப்ப வெளியவே நில்லுங்க."

நின்றேன். அவருடைய அப்பா நினைவுக்கு வந்தார். அத்தர் மணக்க வந்து, ஜோடுகளை வாசலில் கழற்றிவிட்டு, என்னோடு வெறுங்காலில் நடப்பார். "உன் காலு பொய் சொல்லாது தோஸ்த்" என்பார். முப்பது வருஷம் அப்படி நடந்தோம்.

மத்தியானம் சேதி வந்தது. மூன்று நல்ல தோல்களில் பூட்ஸ் ஆணி கீறியிருக்கிறது. துரை அவற்றைக் கழித்துவிட்டார்.

இனி, சின்ன முதலாளி என்னை உள்ளே கூப்பிட வேண்டும். மேஸ்திரி எல்லா பூட்ஸையும் வாசலில் அடுக்க வேண்டும். துரையும் கழற்ற வேண்டும். நான் மாற வேண்டியது எதுவுமில்லை.

இதை வாசகசாலைச் சுவரில் ஒட்டுகிறேன்; நண்பர்கள் இந்தக் காகிதத்தின் கீழே தங்கள் கருத்தை எழுத வேண்டும். பூட்ஸ் போட்டுக்கொண்டும் எழுதலாம்.