மாமா கீழே போட்ட டிஸ்க்

என் மாமா தொட்ட பொருள் கெட்டதாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அம்மாவின் ஒரே தம்பி. டவுனில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தார். எங்கள் லிங்கநகர் வீட்டில் எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். காற்றாடி சுற்றாவிட்டாலும் மாமாதான், சோறாக்கும் குக்கர் சூடாகாவிட்டாலும் மாமாதான்.

அப்பாவின் கார் ஜப்பானில் ஓடிக் களைத்தபின் இங்கே வந்தது. பாட்டும் வரைபடமும் காட்டும் அதன் திரை ஜப்பான் மொழி மட்டும்தான் பேசும். சீடி போட்டால் பாட்டுகளை உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் தானாகவே பதிந்து வைத்துக்கொள்ளும். அப்பா அப்படி வருடக்கணக்காகப் பாட்டுச் சேர்த்திருந்தார். சீடிகளோ பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டன. ஆகவே டிஸ்க் கரகரக்கத் தொடங்கி, வரைபடத் திரையும் கறுத்துப்போனபோது அப்பா இடிந்துபோய்விட்டார். பழைய டிஸ்க்குக்குப் பதிலாகப் போட மாமா ஒரு புதிய எஸ்.எஸ்.டி. டிஸ்க் வாங்கி வந்தார். அப்போது எனக்கு எட்டு வயது.

ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு மாமா வேலையைத் தொடங்கினார். பழைய டிஸ்க்கைக் கழற்றி, அதில் இருந்த எல்லாவற்றையும் புதியதில் நகல் எடுத்துக் காரில் பூட்டினார். பாட்டு உடனே எழும்பியது. அப்பா சின்னப் பிள்ளைபோலக் கைதட்டிவிட்டு, மாமாவுக்குத் தேநீர் போடத் தானே குசினிக்குள் போனார். அது எங்கள் வீட்டில் நடக்காத சங்கதி.

அந்த நேரம் பார்த்து வரைபடமும் உயிர்த்துக்கொண்டது. ஜப்பான் வரைபடத்தில் இலங்கை ஏது? வெறும் நீலம் என்பதால் அப்பா அதைத் திறந்து பார்த்ததே இல்லை. ஆனால் கார் போய்வந்த பாதையை அந்தக் கருவி இத்தனை நாளும் புள்ளி புள்ளியாகக் குறித்து வைத்திருந்தது. எங்கள் வீட்டிலிருந்து விரிகுடாவை வளைத்துக்கொண்டு தெற்கே ஒரு தடித்த சிவப்புக் கோடு.

“அம்மா, இது என்ன கீறல்?” என்றேன். அம்மாவின் முகம் வெளிறிப்போனது.

கோடு போய் நின்ற இடம் கிளிவெட்டி. அங்கே இருந்தவர் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா. ஒரு கலியாண வீட்டுச் சண்டைக்குப் பிறகு, எங்களில் யாரும் அவர்கள் வாசலை மிதிக்கக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். பெரியம்மா படுத்த படுக்கையான பிறகும் அந்தச் சொல் மாறவில்லை. அப்பா பஸ்ஸில் துறைமுக வேலைக்குப் போனபின், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில், அம்மா அடிக்கடி காரை எடுத்துக்கொண்டு போய் அக்காவைக் குளிப்பாட்டி, சோறு தீற்றிவிட்டு வந்திருக்கிறார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டவை.

“அக்கா, நீங்கள் உள்ள போங்கோ” என்றார் மாமா. அம்மா அசையவில்லை. கோட்டை மட்டும் அழிக்கும் வழி மாமாவுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தான் தெரியும். அதை அமத்தினார். பாட்டு பாதியில் நின்றது. பிறகு, அதே கோடு இன்னும் இருந்த பழைய டிஸ்க்கை எடுத்து, கையை ஓங்கி, சீமெந்துத் தரையில் போட்டார். எடுத்து இன்னொரு தரமும் போட்டார். மாமாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்பா கோப்பையோடு வந்தார். “என்ன, பாட்டு நிண்டுட்டுது?”

“எல்லாம் அழிஞ்சு போச்சு அத்தான். பழைய டிஸ்க்கும் கைதவறி விழுந்திட்டுது. என்ர பிழைதான்.”

அப்பா குனிந்து வெறும் திரையைத் தட்டிப் பார்த்தார். ஆனாலும் அவர் கோபிக்கவில்லை. “சரி விடு. வேணுமெண்டே செய்தனீ?” என்றார்.

“ஓம் அப்பா, வேணுமெண்டுதான் போட்டவர்! ரெண்டு தரம் போட்டவர். நான் கண்டனான்.”

அதுவரை என் மேல் கைவைத்தே அறியாத அம்மா என் கன்னத்தில் அறைந்தார். காதுக்குள் இரைந்தது. அப்பா மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா மறுக்கவும் இல்லை, காரணம் சொல்லவும் இல்லை. “இனி என்ர வீட்டுப் பக்கம் வராத” என்றார் அப்பா. மாமா தரையில் கிடந்த திருப்புளிகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

உண்மையைச் சொன்ன எனக்கு அடியா என்று அன்று முழுவதும் அழுதேன். அம்மாவும் அழுதார். என்னை அடித்துவிட்டோமே என்றுதான் அழுகிறார் என்று நம்பினேன். அக்காவோடு சேர்த்து, அவர் போய்ப் பார்க்கக்கூடாத உடன்பிறப்புகள் அன்றோடு இரண்டு பேர் ஆகிவிட்டார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.