இடுப்பு பொருந்தவில்லை

நில அளவை அலுவலகத்தில் நான் முதலில் சேர்ந்த வேலைக்கு டிரேசர் என்று பெயர். மூலப் புலப்படத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து, அடியில் தெரியும் கோட்டை அப்படியே மேலே மையில் இழுக்க வேண்டும். கணிதத்தில் பட்டம் வாங்கியவன் செய்கிற வேலையா இது என்று வீட்டில் கேட்டார்கள். பிறகு பதவி உயர்ந்தது, பெயர் மாறியது. ஆனால் அந்த முதல் வேலை எனக்குக் கொடுத்த கண் மட்டும் மாறவில்லை. ஒரு கோடு யோசித்து இழுத்ததா, அடியில் இருப்பதைப் பார்த்து இழுத்ததா என்று சொல்லிவிடுவேன். யோசித்து இழுத்தது எங்காவது சற்றுத் தயங்கும். மற்றது தயங்காது. எழுபத்தோரு வயதில் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைக் கெடுத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து மகள் தன் பழைய டேப்லெட்டையும் அதற்குரிய பேனாவையும் விட்டுச்சென்றாள். வாழ்நாளெல்லாம் வயல்களின் எல்லையை வரைந்தவனுக்கு அந்த வயலில் நிற்கும் ஆளை வரைய ஆசை வந்தது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மொபைல் கடையின் மாடியில், ஞாயிறு காலைகளில் ஓவிய வகுப்பு நடந்தது. நடத்தியவர் முப்பது வயதுப் பெண். சென்னையில் அனிமேஷன் வேலையில் இருந்துவிட்டு, குழந்தை பிறந்த பிறகு ஊருக்குத் திரும்பியவர். மாணவர்கள் ஏழு பேர். வயதில் நான்தான் மூத்தவன்.

உடம்பு வரையப் பழகுவதற்கென்று அவர் எங்களுக்கு மாதிரிப் புகைப்படங்கள் அனுப்புவார். ஒருநாள் காப்பி கொண்டுவந்த என் மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். திரையில் இறுக்கமான உடையில் ஒரு நடனக்காரி காலைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா இது?"

"உடம்பு வரையப் படிக்கிறேன்."

"எழுவது வயசுக்கு மேல அவ உடம்ப நீங்க இன்னாத்துக்குப் படிக்கணும்?"

"பாடம் இது."

"பாடம்னா கதவ ஏன் சாத்திக்கினு படிக்கிறீங்க?"

அதற்குப் பிறகு ஒரு மாதம், காப்பி வரும்போதெல்லாம் காலடிச் சத்தமில்லாமல் வந்தது. செய்யாத குற்றத்துக்கு ஒருவர் நம்மைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் பிறகு அதையே இன்னொருவருக்குச் செய்தேன்.

வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி ஒரு தையல்காரருடையது. கடைவீதியில் ஆண்களுக்கான தையல் கடை வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். முதல் வகுப்பில் ஆசிரியை, நிற்கிற மனிதனின் உயரம் அவன் தலையைப் போல ஏழரை மடங்கு என்று பலகையில் எழுதினார்.

"ஏழரையா?" என்றார் பாய். "டீச்சரம்மா, இங்க சாருக்கெல்லாம் ஏழரைன்னா சனி. கொஞ்சம் ஏத்திப் போடக் கூடாதா?"

"எட்டுன்னு போட்டா ஹீரோ மாதிரி ஆயிடுவாரு பாய்."

"அப்ப சாருக்கு எட்டு போடுங்க. என்னிய ஏழரையிலயே வுட்டுடுங்க. நான் சமாளிச்சுக்கறேன்."

நான்தான் அதிகமாகச் சிரித்தேன். வகுப்பு முடிந்ததும் இருவரும் கீழே டீ குடிப்போம். திரையில் கண்ணாடித் தாள் போல ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் லேயர்களில் எதில் வரைகிறோம் என்று தெரியாமல் நான் தவிக்கும்போது கைநீட்டிச் சரிசெய்து தருவார்.

மூன்று மாதத்தில் அவர் படங்கள் எங்கேயோ போய்விட்டன. நான் ஒரு முதுகுக் கோட்டை இழுத்து, அழித்து, மறுபடி இழுத்து, இருபது தடவை பின்வாங்குவேன். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பாய் வீட்டிலிருந்து போடும் படங்களில் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே கோடு. தயக்கமே இல்லை. எனக்கு அங்கேதான் உறுத்தத் தொடங்கியது. வகுப்பில் அவர் டேப்லெட்டை மடியில் வைத்து, திரையை வயிற்றுப் பக்கம் சாய்த்துக்கொண்டு வரைவதும் அதற்குப் பிறகுதான் என் கண்ணில் பட்டது. அதோடு அவர் வரைந்த எந்த உருவத்துக்கும் முகம் கிடையாது. தலை இருக்கவேண்டிய இடத்தில் முட்டை வடிவம் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். முகம் போட்டால் எந்தப் புகைப்படத்திலிருந்து எடுத்தது என்று தெரிந்துவிடும், அதனால்தான் விடுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தன் டேப்லெட்டில் புகைப்படத்தை அடி லேயரில் வைத்து, மேலே கோடிழுத்து, பிறகு அடியை அழித்துவிடுகிறார். நாங்கள் அலுவலகத்தில் தாளை வைத்துச் செய்ததுதான்.

அந்த நேரத்தில் வகுப்புக்கு ஒரு வேலை வந்தது. கல்வராயன் மலைப் பள்ளிக் குழந்தைகளுக்காக ஒரு சிறிய படப் புத்தகம். மலையில் வாழும் மனிதர்கள், அவர்கள் செய்யும் வேலைகள். எங்களில் ஒருவரே முழுவதும் வரைய வேண்டும், ஆளைத் தானே தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார் ஆசிரியை. எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை என்பதே மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மலைச் சந்தைக்கு எல்லோரும் போய் வரைவது என்று முடிவானது. கச்சிராயபாளையம் போய், அங்கிருந்து மலை பஸ் ஏறினோம். கல்யாணத் துணிகள் குவிந்திருப்பதாகச் சொல்லி பாய் வரவில்லை. அதையும் நான் குறித்துக்கொண்டேன். சந்தையில் ஒரு பெண் முழங்காலை முட்டுக்கொடுத்து, மரவள்ளிக்கிழங்கு மூட்டையைத் தலைக்கு ஏற்றினாள். மூன்று தடவை வரைந்தேன். மூன்றிலும் கம்பம் நட்டது போல நின்றாள். கடைசியில் ஒரு புகைப்படம் எடுத்து, வராதவர்களும் வரையட்டும் என்று குழுவில் போட்டேன்.

புதன்கிழமை பாயின் படம் வந்தது. மூட்டையின் கனம் அவள் குதிகால் வரை இறங்குவது தெரிந்தது. அதற்குக் கீழே ஆசிரியை எழுதியிருந்தார்: "புத்தகத்துக்கு இந்தக் கைதான் வேணும்."

அன்று மதியமே என் புகைப்படத்தை அடி லேயரில் வைத்தேன். பாயின் படத்தை மேலே வைத்து, மங்கலாக்கி, அளவைக் கூட்டிக் குறைத்து நகர்த்தினேன். கழுத்து பொருந்தியது. வலது தோள், முழங்கை, மூட்டையின் ஓரம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. கீழே தள்ளிப் பார்த்தேன்.

இடுப்பு பொருந்தவில்லை. பாயின் கோடு ஒரு விரற்கடை கீழே இருந்தது. தூக்கிய முழங்காலும் விலகியிருந்தது. அடியில் வைத்து இழுத்த படத்தில் ஒரு பகுதி பொருந்தி இன்னொரு பகுதி விலகாது. டிரேசர் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளும் விஷயம் அது. வேறு யார் ஏமாந்தாலும் நான் ஏமாற வழியில்லை. அவர் அதை வரைந்திருக்கிறார் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

படத்தை இடுப்புக்கு மேலே வெட்டினேன். கீழ்ப்பாதியை நீக்கிச் சேமித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தொடங்குவதற்கு முன், சுவரில் இருந்த டிவியில் என் டேப்லெட்டை இணைத்து அந்த மேல்பாதியைக் காட்டினேன். குற்றம் சொல்வது போல இல்லாமல், பாடத்தில் சந்தேகம் கேட்பது போலத்தான் பேசினேன். "தோளு அச்சா உக்காருது பாருங்க. நான் முப்பது வருஷம் இதே வேல செஞ்சவன்."

ஆசிரியை பாயைப் பார்த்தார். "கீழ வச்சி இழுத்தீங்களா பாய்? இழுத்தா தப்பில்ல, பழகறதுக்குச் செய்வாங்க. சொல்லிட்டுச் செய்யணும்."

"இல்லம்மா. பாத்துப் போட்டேன்."

"அப்ப இங்கயே அந்தம்மாவுக்கு முகம் போட்டுக் காட்டுங்க" என்றேன் நான்.

"முகம் வாணாம் சார்."

"வாணாமா, வராதா?"

யாரோ சிரித்தார்கள். பாய் பேனாவை அதன் உறைக்குள் செருகினார். டேப்லெட்டைப் பையில் வைத்தார். "கடையில ஆளு இல்ல டீச்சரம்மா, வரேன்" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த ஞாயிறு அவர் நாற்காலி காலி. புத்தகம் எனக்கு வந்தது.

நான்கு பக்கங்கள் வரைந்தேன். ஆனால் சந்தேகம் என்னை விடவில்லை. இப்போது அது வேறு மாதிரியானது. பாய் யாரிடமாவது என்ன சொல்லியிருப்பார்? ஆசிரியைக்குத் தெரிந்திருக்குமா? கடைவீதியில் போகும்போது என்னைக் கண்டு பேச்சை நிறுத்தியவர்கள் எதைப் பேசிக்கொண்டிருந்தார்கள்? வேவு பார்க்கத்தான் அவர் கடைக்குப் போனேன். தொளதொளத்துப்போன ஒரு பேண்ட்டைச் சாக்குக்கு எடுத்துக்கொண்டேன்.

"வாங்க சார்" என்றார். பேண்ட்டை வாங்கி ஓரமாக வைத்தார். மேசையில் யாருக்கோ துணி விரித்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் சாக்குக்கட்டியை எடுத்து, மூன்று இடத்தில் புள்ளி வைத்து, இடுப்பிலிருந்து தொடை வழியாக முழங்கால் வரை ஒரே இழுப்பில் இழுத்தார். கோடு தயங்கவில்லை. துணிக்கு அடியில் எதுவும் இல்லை, பலகைதான் இருந்தது. நாற்பது வருடமாக ஒரு நாளைக்கு எத்தனை உடம்புகளுக்கு இப்படி இழுத்திருப்பார். அவர் தையல்காரர் என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

"பாய், அந்தப் படத்துல இடுப்பு ஏன் எறங்கி இருந்துச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

கத்திரிக்கோலை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது தெரியுமா உங்களுக்கு?"

நான் துணியில் இருந்த சாக்குக்கட்டிக் கோட்டைப் பார்த்தேன்.

"அந்த போட்டோவ எடுத்தவரு கீழ உக்காந்துக்கினு எடுத்துருக்காரு சார். அப்டி எடுத்தா காலு ஜாஸ்தியாத் தெரியும், மேல் ஒடம்பு கம்மியாத் தெரியும். அந்த அளவுக்குத் துணி வெட்டுனா அந்தம்மா போட முடியுமா? அதான் எறக்குனேன்."

முட்டிவலியால் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துதான் அதை எடுத்தேன்.

"முகம்?"

துணியை மடித்தார். "எங்க ஆளுங்கள்ல வரையறவங்க வரையறாங்க. அது அவங்கவங்க இஷ்டம். எங்க அம்மா கடைசியாப் படுத்துக்கினு இருந்தப்ப, உருவத்துக்குக் கண்ணு வைக்காதடான்னாங்க. சரின்னுட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

"அன்னிக்கே சொல்லி இருக்கலாமே பாய்."

"சொன்னா அப்புறம் நீங்க படத்தப் பத்தியா பேசுவீங்க? அதப் பத்திதான் பேசுவீங்க." கத்திரியை மறுபடி எடுத்தார். "அன்னிக்கு நான் வந்ததே புத்தகம் எனக்கு வாணாம்னு சொல்லத்தான். புள்ளைங்க புத்தகத்துல கண்ணு இல்லாம எப்டி? சாருக்குக் குடுங்க, சாரு முகம் நல்லாப் போடுவாருன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

பேண்ட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அந்த வாரம் பேனாவைத் தொட முடியவில்லை. ஞாயிறன்று வகுப்பில், வெட்டாத முழுப் படத்தை டிவியில் போட்டேன். இடுப்பைச் சுட்டிக்காட்டினேன். கீழ்ப்பாதியை நான் வெட்டியதைச் சொன்னேன்.

"இது அன்னிக்கே தெரியுமா சார்?" என்றார் ஆசிரியை.

"தெரியும்."

"தெரிஞ்சேதான் வெட்டுனீங்களா?"

"தெரிஞ்சேதான்."

அவர் டிவியை அணைத்துவிட்டு, அன்றைய பாடமான கைவிரல்களைத் தொடங்கினார். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் படியில் வைத்து, "புத்தகத்த வேற யாருகிட்டயாவது குடுத்துடறேன் சார்" என்றார். நான்கு பக்கங்களையும் அழித்துவிட்டேன். அது ஒன்றும் தியாகம் இல்லை. அவற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் பாய் கடைக்குப் போனேன். செய்தி எனக்கு முன்பே போயிருந்தது.

"சொல்லிட்டீங்களாமே" என்றார். மிஷினை நிறுத்தவில்லை.

"சொல்லிட்டேன்."

"ஏன் சார்? மொதல்ல என் பேரு மட்டும்தான் போச்சு. இப்ப உங்க பேரும் போச்சு." லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று கேட்டேன். எல்லோருக்கும் உண்மை தெரிந்துவிட்டதே, இனிமேல் என்ன என்றேன்.

"வரல சார்." ஊசியிலிருந்து நூலை அறுத்தார். "முன்ன எல்லாரும் நான் போட்ட படத்தப் பாத்தாங்க. இனிமே என் கையப் பாப்பாங்க. இவன் எப்டிப் போடறான், கீழ இன்னா வச்சிருக்கான்னு. எனக்குக் கை ஓடாது."

"வீட்டுலயாவது வரையறீங்களா?"

"டேப்லெட்டப் பொண்ணுகிட்டயே குடுத்துட்டேன். பேத்தி அதுல பாட்டு போட்டுப் பாத்துக்கினு கீது."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னார். இரண்டையும் நாங்கள் மிகவும் சாதாரணமாகச் சொன்னோம். அவர் சொன்னது மன்னிப்பா, பேச்சை முடித்துக்கொண்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவரைச் சந்தேகிக்கும் உரிமை எனக்கு இனி இல்லை என்பதால், எதுவாக இருந்தாலும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

கையில் துணிப்பையுடன் ஒருவர் அளவு கொடுக்க வந்தார். நான் ஸ்டூலிலிருந்து எழுந்து அவருக்கு வழிவிட்டேன். பாய் டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, வந்தவரின் தோளில் வைத்தார். நான் எழுந்து நிற்பதைப் பார்த்தார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.