வலப்பக்கம் காட்டிய அம்பு

எங்கள் பந்தயப் பாதை ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம். பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப்பக்கம் இறங்கும் சாலையில், வருஷக்கணக்காக வெட்டி வெட்டி நீள்வட்டமாகக் குழிந்துபோன இடம். சூளையை மூடிய பிறகு, சொந்தக்காரரான எண்ணெய்க்கடை அண்ணாச்சி அதைத் தூர்த்து மனை போடலாமா என்று யோசித்து, எல்லையை அளந்து தரச் சொல்லி மனு கொடுத்தார். சர்வேயராக நான்தான் அளக்கப் போனேன். அளந்து முடித்துக் கரையேறியவள், அந்தச் சரிவுகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுக்கு சிமெண்ட் பூசினா சைக்கிள் பந்தயம் விடலாம்" என்றேன்.

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்கு ஆகாது. அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல மூன்று வருஷம் ஆனது. விடுமுறை நாளெல்லாம் அங்கேதான் கிடந்தேன். கரையைச் செதுக்கினோம், கம்பி கட்டினோம், கான்கிரீட் போட்டோம். அண்ணாச்சியே பிறகு ஆள் அனுப்பினார், சிமெண்டும் அனுப்பினார். மூன்று சுற்றுக்குச் சரியாக ஒரு கிலோமீட்டர் வரவேண்டும் என்று இரும்பு டேப்பை வைத்து நானே அளந்தேன். கோடுகளையும் நானே போட்டேன். முடிவுக்கோட்டுக்கு அருகில், எந்தப் பக்கம் ஓட்டவேண்டும் என்று காட்டும் பெரிய அம்புக்குறி ஒன்றையும் மஞ்சள் பெயிண்டில் வரைந்தேன்.

அந்த அம்பை வலம் வருகிற பக்கமாக வரைந்தேன். யோசித்து வரையவில்லை. கோவிலைச் சுற்றினாலும் அப்படித்தான் சுற்றுகிறோம், வயலின் மூலைக்கற்களை எண்ணினாலும் நான் அப்படித்தான் எண்ணிக்கொண்டு போவேன். கை தானாகப் போட்டுவிட்டது.

பாதை தயாரானதும் பத்துப் பதினைந்து பேர் ஓட்ட வந்தார்கள். அவர்களில் வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி. இருபத்தாறு வயது. காலை ஒன்பதரை முதல் இரவு வரை சுடிதார் பிரிவில் நின்றுகொண்டே இருக்கவேண்டிய வேலை. அதற்கு முன்னால், விடிந்தும் விடியாததுமாக எங்கள் பள்ளத்துக்கு வந்து ஒன்றரை மணி நேரம் மிதிப்பாள். பந்தயப்பாதை சைக்கிளில் பிரேக் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும், காலை நிறுத்த முடியாது. பழகாதவர்களைத் தூக்கி எறிந்துவிடும். அவள் இரண்டே வாரத்தில் அதை வசப்படுத்தினாள்.

வந்த புதிதில் ஒருநாள் கையில் போனோடு என்னிடம் வந்தாள்.

"எக்கா, வீடியோவுல எல்லாரும் எடப்பக்கமால்லா திரும்புதாவ? நாம மட்டும் ஏன் வலப்பக்கமாத் திரும்புதோம்?"

நான் ஏதோ கோடு அளந்துகொண்டிருந்தேன். இடையில் கேள்வி கேட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். "ஏளா, உள்ள நின்னு எடுத்தா ஒரு பக்கம் தெரியும், வெளிய நின்னு எடுத்தா ஒரு பக்கம் தெரியும். நீ எனக்கு அளக்கச் சொல்லித் தாரியா? போயி ஓட்டு" என்று ஏசினேன். அவள் போய் ஓட்டினாள். ஆறு மாதம் வலப்பக்கமாகவே ஓட்டினாள்.

அந்த ஆனி மாதம் எங்கள் முதல் பந்தயத்துக்கு ஏற்பாடு செய்தோம். மாநிலப் பயிற்சி முகாமுக்கு வருஷத்தில் ஒருமுறைதான் ஆள் எடுப்பார்கள். முன்கூட்டியே வேகம் ஏற்றிக்கொண்டு வந்து, முடிவுக்கோட்டுக்கு முந்தைய இருநூறு மீட்டரைப் பதினான்கு வினாடிக்குள் கடக்கவேண்டும்; அதை ஓர் அதிகாரப்பூர்வ நடுவர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். சென்னைக்குப் போய் ஓட்டிக்காட்ட அவளுக்குக் கடையில் லீவு கிடைக்காது, கிடைத்தாலும் வீட்டில் விடமாட்டார்கள். அதனால் நடுவரை இங்கே வரவழைத்தேன். அடுத்த செவ்வாயோடு பெயர்ப்பட்டியல் முடிகிறது. பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஓட்டம்தான்.

நடுவர் சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினார். சென்னைக்காரர், மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். பள்ளத்தின் கரையில் நின்று பாதையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பிரமாதமா பண்ணியிருக்கீங்க மேடம்" என்றார். நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். பிறகு அவர் கண் மஞ்சள் அம்பின் மேல் போனது.

"இது எதுக்கு?"

"அந்தப் பக்கமாத்தான் சார் ஓட்டணும்."

அவர் என்னைப் பார்த்தார், அம்பைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "உலகம் பூரா இடது பக்கமா சுத்துறாங்க மேடம். இப்படி ஓட்டினா நான் கையெழுத்து போட முடியாது" என்றார்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அம்பை அழித்துவிட்டுத் திருப்பி வரைந்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். போதாது. முடிவுக்கோடு நேர்ப்பாதையின் கடைசியில் இருக்கவேண்டும். திசை மாறினால் அது நேர்ப்பாதையின் தொடக்கத்துக்கு வந்துவிடும். இருநூறு மீட்டர்க் கோடும் தப்பான இடத்தில் நிற்கும். போதாக்குறைக்கு மேற்குக் காற்று. ஆனி, ஆடியில் எங்கள் ஊர்க் காற்று ஆளையே தள்ளும். பழைய திசையில் முடிவுக்கோட்டை நோக்கி வரும்போது அந்தக் காற்று முதுகில் இருந்தது. இடப்பக்கமாக வந்தால் அதே இடத்தில் அது நெஞ்சில் அறையும். ஆகவே முடிவுக்கோட்டை எதிர்ப்புறத்து நேர்ப்பாதைக்கே தூக்கிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். நடுவர் அதற்குத் தடை சொல்லவில்லை.

தடை சொன்னவர் அண்ணாச்சி. விருந்தினர்களுக்கான ஷாமியானா பந்தலைப் பழைய கோட்டுக்கு எதிரில்தான் போட்டிருந்தார்.

"சர்வேயரம்மா, பந்தல்கூடக் கெடக்கட்டும். எடமாச் சுத்துறது பொணத்துக்குல்லா? மொதமொதல்ல நடத்துற காரியம். இப்படி அபசகுனமா ஆரம்பிக்கணுமா?"

"இன்னைக்கு நான் இதைச் செய்யாட்டா அந்தப் பிள்ள ஆறு மாசமா பட்ட பாடெல்லாம் வீணாப் போவும் அண்ணாச்சி."

 அவர், ஒவ்வொரு சைக்கிள் சக்கரத்துக்கும் ஓர் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு இறங்கினால் சம்மதம் என்றார். பாதையில் சாறு பட்டால் டயர் வழுக்கும் என்று நடுவர் பதறிப்போனார். வெளிவாசலில் வைத்து நசுக்கிவிட்டு டயரைத் துடைத்து உள்ளே கொண்டுவருவது என்று சமாதானம் ஆனது. மனுஷர் பிறகு தானே நின்று பந்தலையும் பிரித்து எதிர்ப்பக்கம் மாற்றினார்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் அவளிடம் சொல்லவேண்டும். போனில் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்ணார்பேட்டைக்கு ஸ்கூட்டரை விட்டேன். சனிக்கிழமைக் கூட்டம். மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருந்ததால், துணி வாங்க வந்தவளைப் போல அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் ஒவ்வொரு சுடிதாராக எடுத்து விரித்துப் போட்டாள். நான் குனிந்துகொண்டு, பார்டரைத் தடவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

அவள் கை நின்றது.

"நா அன்னைக்கே கேட்டேம்லாக்கா."

"கேட்ட. என் தப்புத்தான்."

என் வாயிலிருந்து இந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வராது. என் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். அவள் அடுத்த சுடிதாரைப் பிரித்துப் போட்டாள். கண் கலங்கியிருந்தது. அழுகையா கோபமா என்று எனக்குப் புரியவில்லை. கோபமாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

"நாளைக்கி எனக்கு எத்தன மணிக்கு ஓட்டம்?"

"எட்டு மணிக்கு. அதுக்கு மேல காத்து ஏறிரும்."

"அஞ்சரைக்கு வாரேன். ரெண்டு மணி நேரம் இருக்குல்லா? வேற யாரையும் உள்ள விடாதிய." பிறகு மேற்பார்வையாளருக்குக் கேட்கும்படி, "இந்தக் கலர் வேண்டாமாக்கா? வேற காட்டவா?" என்றாள்.

அன்று மதியம் பன்னிரண்டரைக்கு டேப்பை விரித்தோம். நடுவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். வெயிலில் கான்கிரீட் செருப்பைத் தாண்டிச் சுட்டது. வளைவில் டேப்பை நேராக இழுக்க முடியாது; சிறுசிறு துண்டாக அளந்து, ஒவ்வொரு துண்டுக்கும் சாக்பீஸ் குறி வைத்து, இருமுறை முன்னும் பின்னுமாகச் சரிபார்த்தோம். முதல்முறை நான்கு விரல்கடை பிசகியது. நடுவர், "பரவாயில்ல மேடம்" என்றார். "எனக்குப் பரவாயிருக்கு" என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து அளந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பழைய கோடுகளின் மேல் சாம்பல் நிறம் அடித்து, புதுக்கோடு போட்டு முடித்தேன். மஞ்சள் அம்பை அழிக்கும்போது மட்டும் யாரையும் தூரிகையைத் தொட விடவில்லை.

ஞாயிறு காலை சொன்னபடி வந்தாள். முதல் வளைவிலேயே சைக்கிள் அவளை மேலே, கரைவிளிம்பின் கம்பி வேலிப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. ஆறு மாதமாக வலப்பக்கம் சாய்ந்து பழகிய உடம்பு, இடப்பக்கம் சாய மறுத்தது. இரண்டாம் சுற்றில் கம்பி வேலியில் தோள் உரசி, சட்டை கிழிந்தது. நான் வளைவின் உட்புறம் நின்றுகொண்டு, "சாயி! இன்னும் சாயி! கீழ பாக்காத, என்னப் பாரு!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன்.  அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். பத்துச் சுற்றில் வேலியை விட்டு இறங்கினாள். இருபதுக்கு மேல் வளைவு அவளுக்கு இடம் கொடுக்கத் தொடங்கியது. ஏழரைக்கு இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, வாசலில் போய் எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிவிட்டு வந்தாள்.

ஏழெட்டு ஊர்களிலிருந்து ஓட்டுகிறவர்கள் வந்திருந்தார்கள். நேரம் எடுக்கும் மின்கருவி எங்களிடம் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் மூன்று பேர் ஸ்டாப்வாட்ச் பிடிப்பார்கள். மூன்றில் எது நடுவில் வருகிறதோ அதுதான் கணக்கு. நடுவரிடம் ஒன்று, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த ஒரு விளையாட்டு ஆசிரியரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. நான் பிடிக்கவேண்டாம் என்றுதான் நினைத்தேன். வேறு பழகிய கை இல்லை.

அவள் இரண்டு சுற்று வேகம் ஏற்றினாள். வளைவின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து சரிந்து கோட்டை நோக்கிப் பாய்ந்தாள். இருநூறு மீட்டர்க் கோட்டை முன்சக்கரம் தொட்டதும் அழுத்தினேன். எதிர்க்காற்றில் கொஞ்ச தூரம்; பிறகு வளைவு. நன்றாகச் சாய்ந்தாள்.  கடைசி நேர்ப்பாதையில் காற்று அவளை முதுகில் கைவைத்துத் தள்ளியது. கோடு. அழுத்தினேன்.

ஆசிரியர் தன் கடிகாரத்தைப் படித்தார். "பதினாலு புள்ளி பூஜ்யம் ஆறு."

நடுவர் தன்னுடையதைப் படித்தார். "பதிமூணு தொண்ணூத்தஞ்சு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து என் உள்ளங்கையைப் பார்த்தேன். பதினான்கு புள்ளி பூஜ்யம் இரண்டு.

என்னுடையதுதான் நடுவில் இருந்தது. அவளுக்கு முகாம் உண்டா இல்லையா என்பது என் கைக்குள் மூடிக்கிடந்தது. பதிமூன்று தொண்ணூற்றெட்டு என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கி நேரத்தை அழித்துவிட்டால் முடிந்தது. கடிகாரத்தை வாங்கிப் பார்க்கிற ஆளில்லை நடுவர். என் தப்புக்கு அவளுக்கு நான் பட்ட கடனும் அடைந்துவிடும். கட்டைவிரல் பொத்தானின் மேல் போய்விட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நான்கு விரல்கடைக்காக வெயிலில் மறுபடி முதலிலிருந்து அளந்தவள் நான். இந்தப் பள்ளத்தில் எடுத்த நேரம் என்றால் எவனும் வாய் பேசக்கூடாது என்பதற்காகத்தான் மூன்று வருஷம்.

"பதினாலு புள்ளி பூஜ்யம் ரெண்டு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நடுவர் திரும்பக் கேட்டார். சத்தமாகச் சொன்னேன்.

சுற்றை முடித்து மெதுவாக வந்தவள் அதைக் கேட்டுவிட்டாள். இறங்கி, சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தாள். என் கையை விரித்துக் கடிகாரத்தை வாங்கி, தானே படித்துப் பார்த்தாள். கோபித்துக் கத்துவாள் என்று நின்றேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ரெண்டு மணி நேரம் பழகி இது" என்றாள், மூச்சு வாங்க. "அடுத்த வருசத்துக்கு முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளு கெடக்கு." கடிகாரத்தைப் பூஜ்யமாக்கி என் கையில் திணித்தாள். "நாளைக்கி அஞ்சரைக்கு கேட்டத் தெறந்து வைங்க. நீங்களும் வரணும். எனக்குச் சரியா நேரம் சொல்லுதது நீங்கதான்."