பிரித்துப் படித்து ஒளித்த கடிதங்கள்

எமில்டா லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்தில் ஐந்து அறைகள் மாறியவள். நிலையான விலாசம் இல்லாததால், யாழ்ப்பாணம் பாசையூரிலிருந்து தாய் சொல்லச் சொல்லத் தங்கை இசபெல் எழுதும் கடிதங்கள் தோர்ண்டன் ஹீத்தில் அண்ணன் செபமாலைமுத்து வீட்டுக்கே வந்தன. போரில் ஊர்த் தொலைபேசி செத்துப்போன பிறகு அந்த நீலக் கடதாசிகள்தான் உறவு.

1991இல் அவையும் நின்றன. ஞாயிறு தவறாமல் அண்ணனுக்குப் போன் எடுப்பாள்.

"பாதை பூட்டிக் கிடக்குது பிள்ளை. ஒண்டும் வரேல்லை."

கார்த்திகையில், கொழும்பு வழியாக வந்த ஊர்க்காரர் ஒருவர் இசபெலின் கடிதத்தைத் தொழிற்சாலைக்கே கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். 'நாலு கடிதம் போட்டேன். ஒரு வரி பதில் இல்லை. அம்மா தபால்காரரை விசாரித்தபடியே கிடந்து ஆனியில் செத்துப்போனா. உனக்கென்ன கல்நெஞ்சா?'

எமில்டா பாதி ஷிப்டில் மெஷினை நிறுத்திவிட்டுத் தோர்ண்டன் ஹீத்துக்கு ரயிலேறினாள்.

அண்ணன் மறுக்கவில்லை. மேசை லாச்சியை இழுத்து நான்கு கடிதங்களையும் எடுத்து வைத்தார். எல்லாம் பிரித்துப் படித்தவை. ஒன்றின் முதுகில் அவருடைய கையெழுத்தில், 'பால், முட்டை, உருளைக்கிழங்கு' என்று இருந்தது.

"உன்ர அகதி கேஸ் முடியேல்லை. அம்மாவுக்கு நோய் கடுமை எண்டு தெரிஞ்சால் ஊருக்கு வெளிக்கிட்டிருப்பாய். பிறகு இஞ்சை திரும்பி வர ஏலாது. உன்ர நன்மைக்குத்தான்."

"போறதோ விடுறதோ நான் யோசிக்கவேண்டியது. போகாட்டிலும் ஒரு கடிதம் போட்டிருப்பன். என்ர எழுத்தைப் பாத்திட்டாவது அம்மா கண்ணை மூடியிருப்பா. அதைத் தடுக்க நீங்கள் ஆர்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "தபாலிலை துலைஞ்சுபோச்சு எண்டு இசபெலுக்கு எழுது. என்னை அவளுக்கு முன்னாலை தலைகுனிய வைக்காதை."

எமில்டா அவருடைய சாப்பாட்டு மேசையிலேயே இருந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதினாள். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டிவிட்டு வெளிக்கிட்டாள்.

மூன்று மாதம் கழித்து, தொழிற்சாலை விலாசத்துக்கு இசபெலின் பதில் வந்தது. 'அக்கா, உன்னைக் கண்டபடி பேசிவிட்டேன். மன்னித்துக்கொள்' என்று தொடங்கியது. அண்ணனுக்கு இசபெல் பிறகு எழுதவேயில்லை.

ஐந்து வருடத்தின் பின், எமில்டாவுக்குக் கவுன்சில் வீடு கிடைத்தபோது அண்ணன் பழங்களோடு வந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு அவர் கேட்டார்:

"இன்னும் கோவமோ?"

"ஓம்," என்றாள் அவள்.