அமாவாசை வரை பொறுக்கச் சொன்னேன்

எங்களுடையது திருவள்ளூர்க் கோயிலில் பாசுரம் சேவிக்கிற குடும்பம். அதில் எனக்கு நம்பிக்கை போய் வெகு காலம் ஆகியிருந்தது. பாசுரம் சோறு போடாது என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்தேன். குடுமி போய் கிராப்பு வந்தது. நெற்றியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆலையில் எல்லோருக்கும் நான் சாமிதான். அது எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது.

டீ இடைவேளையில் எங்கள் பேச்சுக்கு வரம்பே கிடையாது. விலைவாசி ஏன் ஏறுகிறது, சினிமாவில் கடவுள் வேஷம் கட்டுகிறவர் வீட்டில் கறி சாப்பிடலாமா, டூரிங் கொட்டகையில் திரைக்குக் கற்பூரம் காட்டினால் புண்ணியம் உண்டா என்றெல்லாம் போகும். கடைசித் தீர்ப்பு என்னுடையது. சாஸ்திரத்தில் இருக்கிறது என்று ஆரம்பித்தால் போதும், யூனியன்காரர்கூட அடங்கிவிடுவார். அந்தச் சாஸ்திரத்தில் பாதி நான் அங்கேயே உட்கார்ந்து உண்டாக்கியது.

பழவேற்காட்டு ஏரியில் மீன் குறைந்துபோய் உலை வேலைக்கு வந்தவர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருந்தார். ஆறு வயதில் ஒரே மகள். ஒருநாள் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"சாமி, கொயந்தைக்கு மூஞ்சியும் காலும் வீங்கிக்கினே போவுது. டாக்டரு உடனே மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவச் சொல்றாரு. ஊட்ல பயப்படறாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெருமாள் நோய் தீர்க்கிறவர், அமாவாசையன்று கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் வியாதியும் அதோடு கரைந்துபோகும் என்று ஏற்ற இறக்கத்தோடு எடுத்துவிட்டேன்.

"அமாவாசைக்கு இன்னும் ஒம்போது நாள்தான். வெல்லத்தைக் கரைச்சுட்டு, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் டாக்டரிடம் ஓடுவோம். வெல்லம் கரைப்பது உடம்பு தேறிய பிறகுதான். கோயிலை ஒட்டியே வாழ்கிற எங்களுக்கு அந்த வரிசை சொல்லாமலே தெரியும். அதை மட்டும் அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அமாவாசையன்று நானும் ஊருக்குப் போயிருந்தேன். குளத்துப் படியில் கூட்டத்துக்கு நடுவே அவரைப் பார்த்தேன். தோளில் குழந்தை. வீக்கத்தில் அதன் கண் பாதிதான் திறந்தது. தன் கையாலேயே வெல்லத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து விரலைச் சப்பிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நிம்மதியாகச் சிரித்தார்.

மறுநாள் மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். முன்னாலேயே ஏன் வரவில்லை என்று அங்கே கேட்டார்களாம். நாலாம் நாள் குழந்தை போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்கு வந்தபோது என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்.

"எம்மேலதான் தப்பு சாமி. அன்னிக்குக் காத்தால தெரியாம கருவாடு துன்னுட்டுக் கொளத்துல எறங்கிட்டேன். பெருமாளு எப்டி ஏத்துக்குவாரு?"

அப்படி ஒன்றும் கிடையாது, தப்பு என்னுடையது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால் அந்த ஆலையில் நான் யார்? தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் மீனைத் தொடவில்லை. மதியம் என் எதிரில் உட்கார்ந்து வெறும் மோர்சோறு சாப்பிடுவார். இன்னும் மூன்று வருஷம் அங்கே வேலை பார்த்தேன். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே நானும் சாப்பிட்டேன்.