பயணிகளுக்கு ஆபத்தில்லை

முதல்முறை நான் ஊர் நிலவரம் கேட்டபோது அந்தச் சாரதி பதிலுக்குத் தன் கைபேசியை வான் வண்டியின் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார். கனடாவின் மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்துக் கட்டடமொன்றின் நான்காம் மாடியில் இருந்தபடி நான் ஒரு நகரத்தைக் கேட்டேன். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் இரைச்சல், ஒரு பேரூந்தின் ஹோர்ன், எதையோ கூவி விற்கும் ஒரு பெண்ணின் குரல், எல்லாவற்றுக்கும் பின்னால் கடல். அரை நிமிடம் கழித்து, "கேட்டிச்சுதோ, மிஸ் கனடா? இண்டைக்கு ஊர் இதுதான்," என்றார். அவர் பேசியது கரீபியன் தீவொன்றின் ஆங்கிலம். ஆனால் இத்தனை காலத்துக்குப் பிறகு அவருடைய பேச்சு எனக்குள் எங்கள் தமிழாகவே கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

பயணக் காப்புறுதி எடுத்தவர்களுக்கு உதவுகிற ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. பனிக்காலத்தில் வெயில் தேடித் தெற்கே போகிறவர்களுக்கு அங்கே நெஞ்சு நோவு வந்தால், கால் முறிந்தால், எங்களைத்தான் அழைப்பார்கள். அதோடு இன்னொரு வேலையும் இருந்தது. ஒவ்வொரு நகரத்துக்கும் வாரம் ஒரு நிறம் போட வேண்டும். பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. போகிறவர்கள் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் போவதா விடுவதா என்று முடிவெடுப்பார்கள். அந்தக் கரீபியன் கடலோர நகரம் என் பொறுப்பில் இருந்தது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் பிறந்த ஊரின் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு கெட்ட நாளை ஒரு நகரத்தின் நெற்றியில் ஒட்டிவிடுவது மிகச் சுலபம். பிறகு அதைக் கிழித்தெடுக்க அந்த ஊர்க்காரர்களின் ஆயுள் போதாது.

அரசாங்க அறிவித்தல்கள் எந்த வாரமும் ஒரே மாதிரித்தான் இருக்கும். இரவில் தனியாக நடக்காதீர்கள், நகை அணியாதீர்கள். அதை வைத்து நிறம் போட முடியாது. ஆகவே, எங்கள் நோயாளிகளை ஏற்றி இறக்கும் அந்தச் சாரதியைத் திங்கட்கிழமைகளில் கூப்பிடத் தொடங்கினேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். மனைவி இல்லை, படிக்கிற ஒரு மகள் மட்டும். "பேக்கரியில பாண் எத்தினை மணிக்கு வித்து முடியுது எண்டு பாருங்கோ. ஒன்பது மணிக்கு முந்தி முடிஞ்சால் சனம் பயந்து வாங்குது எண்டு அர்த்தம்," என்பார். மீன் சந்தைக்குப் பெண்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்களா, தனியாக வந்து அவசரமாகத் திரும்புகிறார்களா என்று பார்த்துச் சொல்வார். எனக்கு அது புதிதாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலும் வானொலிச் செய்தியை விடப் பாண்காரனின் சைக்கிள் வந்ததா என்பதைத்தான் நம்பினோம். ஆறு வருடம் இப்படிப் பேசினோம். மகளின் பரீட்சை முடிவுகள், என் அம்மாவின் முழங்கால் சத்திரசிகிச்சை, எல்லாம் ஒருவருக்கொருவர் தெரியும். அவருடைய முகம் மட்டும் எனக்குத் தெரியாது.

அந்த மார்ச் மாத வியாழக்கிழமை காலை பத்தரைக்கு ஓர் அழைப்பு வந்தது. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியிலிருந்து விடுமுறைக்குப் போயிருந்த ஒரு தம்பதியில் மனைவி. பிள்ளைகள் சேர்ந்து திருமண நாள் பரிசாக ஒரு வாரம் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டு மேசையில் கணவர் சரிந்து விழுந்துவிட்டார். ஆங்கிலத்தில் திணறித் திணறிப் பேசியவர் என் பெயரைக் கேட்டதும் அழத் தொடங்கினார்.

"பிள்ளை, நீங்கள் தமிழோ?"

"ஓம் அன்ரி, சொல்லுங்கோ."

"அங்கிளுக்கு இதயம் எண்டு சொல்லுகினம். இஞ்சை வச்சுப் பாக்க ஏலாதாம். வெளியில ஒரே சத்தம், பிள்ளை."

முதல்நாள் மாலை நகரத்தின் ஒரு பகுதியில் ஓர் இளைஞன் பொலிசாரால் சுடப்பட்டிருந்தான். காலையில் ஊர்ச்சனம் கொதித்தெழுந்து வீதிகளை மறித்துவிட்டது. சிறிய மருத்துவமனையின் டொக்டர் என்னிடம் நேராகச் சொன்னார்: "எங்களால் செய்யக்கூடியதைச் செய்துவிட்டோம். இன்றைக்கு இவரை அனுப்பாவிட்டால் நாளைக்கு அனுப்ப ஆள் இருக்குமோ தெரியாது." நோயாளர் விமானம் இரண்டு மணிக்கு வந்து இறங்கும், நாலரைக்கு முன் புறப்பட்டாக வேண்டும். ஆறு மணியிலிருந்து ஊரடங்கு. அம்புலன்ஸ்காரர்கள் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். ஹொட்டேல்காரர்கள் அசையவேண்டாம் என்றார்கள். மருத்துவமனைக்கும் விமான நிலையத்துக்கும் இடையில் வழமையான நாளில் இருபத்தைந்து நிமிட ஓட்டம்.

எங்கள் படிவத்தில் அதற்கொரு பெட்டி உண்டு. நோயாளியை வீதியால் நகர்த்தலாமா? ஆம், இல்லை. கீழே, காரணம். அன்று அந்த ஷிப்டில் மூத்தவள் நான். முடிவு என்னுடையது.

சாரதியைக் கூப்பிட்டேன். ஊர் எப்படி என்று கேட்டேன். அன்றும் அவர் போனைச் சன்னலுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் இல்லை, ஹோர்ன் இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு நாய் மட்டும் குரைத்தது.

"பெரிய றோட்டு முழுக்கப் பூட்டு," என்றார். "கடற்கரை றோட்டு ஒண்டு இருக்கு. அதில நிக்கிறவை வேற பகுதி ஆக்கள். ஆனா ஆஸ்பத்திரி வருத்தக்காரனை மறிக்க மாட்டினம். அதுவும் வெளிநாட்டுக்காரன் எண்டால் கட்டாயம் விடுவினம். வெளிநாட்டுக்காரனில கை வச்சால் என்ன நடக்கும் எண்டு அவைக்குத் தெரியும்."

"நிச்சயமோ?"

"பயணிகளுக்கு ஆபத்தில்லை. அப்பிடியே எழுதுங்கோ. நான் கொண்டுபோறன்."

அப்படியே எழுதினேன். 'ஆம்' என்ற பெட்டியில் குறியிட்டேன்.

இரண்டே முக்காலுக்கு வான் புறப்பட்டது. பின்னிருக்கைகளை மடித்து அங்கிளைக் கிடத்தியிருந்தார்கள். ஒரு தாதி சேலைன் போத்தலைக் கையில் பிடித்திருந்தார். போனை வைக்கவேண்டாம் என்று அன்ரியிடம் சொல்லியிருந்தேன். அவர் தான் கண்டதைக் கிசுகிசுத்துக்கொண்டே வந்தார். கடைகள் பூட்டு. கடல் தெரியுது. ஒருவரையும் காணேல்ல. பிறகு, "பிள்ளை, முன்னுக்கு றோட்டில கார் ரயர் எரியுது," என்றார்.

"ஆக்கள் நிக்கினமோ அன்ரி?"

"நிக்கினம். பத்துப் பதினைஞ்சு பேர். ஒருத்தன்ர கையில பொல்லு. மற்றவன் என்ன வச்சிருக்கிறான் எண்டு தெரியேல்ல. புகையா இருக்கு."

"றைவர் என்ன செய்யிறார்?"

"இறங்கிப் போறார். கையை ரெண்டையும் தூக்கிக்கொண்டு போறார்."

அந்த மூன்று நான்கு நிமிடங்களில் எனக்கு அன்ரியின் மூச்சும் அங்கிளின் முனகலும் மட்டும்தான் கேட்டன. என் மேசையைச் சுற்றி அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என் கணினித் திரையில் நான் எழுதிய வரி அப்படியே திறந்திருந்தது. பிறகு வானின் பக்கக் கதவு இழுபடும் சத்தம். யாரோ ஒருவரின் குரல் கிட்டவாக ஏதோ சொன்னது. இரும்பு இழுபடும் சத்தம்.

"விடுகினம், பிள்ளை. ஒரு பழைய பிரிட்ஜ் பெட்டியைக் குறுக்கால வச்சிருந்தவை, அதைத் தள்ளுகினம். ஒரு பொம்பிளை தண்ணிப் போத்தல் தாறா."

இன்னும் இரண்டு மறியல்கள். இரண்டிலும் அவர் இறங்கினார், இரண்டிலும் விட்டார்கள். மூன்று ஐம்பதுக்கு விமான நிலையத்தின் பக்க வாசலை அடைந்தார்கள். அங்கிளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அன்ரி கடைசியாக ஒன்று கேட்டார்.

"இந்தத் தம்பி எப்பிடி வீட்டை போவார், பிள்ளை?"

"அவருக்கு ஊர் தெரியும் அன்ரி. நீங்கள் யோசியாதேங்கோ. ஏறுங்கோ."

விமானம் எழும்பிய செய்தி வந்ததும் அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ எனக்குக் கோப்பி வாங்கிவந்து தந்தார்கள். 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்த அந்த மாலை முழுவதும் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அதுவும் உண்மைதான். அங்கிள் பிழைத்தார்.

வெள்ளிக்கிழமை சாரதி போன் எடுக்கவில்லை. சனிக்கிழமையும் எடுக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். அவருடைய மகள். அப்பா இப்போது பேச முடியாது என்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அது தீர்ந்துபோன குரலாக இருந்தது. திரும்பிவரும்போது வானில் நோயாளி இல்லை, வெளிநாட்டுக்காரர் இல்லை. மறித்து நின்றவர்களுக்கு ஆகாத எதிர்ப் பகுதியில் வசிக்கிற ஒருவர் மட்டும் தனியாக வந்திருக்கிறார். இரண்டாம் மறியலில் ஆட்கள் மாறியிருந்தார்கள். வானை எரித்துவிட்டார்கள். அவருடைய வலக்கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. வலக்கண்ணை எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் ரொறன்ரோ மருத்துவமனையிலிருந்து அன்ரி கூப்பிட்டார். அங்கிள் கண் திறந்து கதைத்துவிட்டார் என்று சொன்னார். அடுத்ததாக, "அந்தத் தம்பி வீட்டை போட்டாரோ?" என்றார். நான் "ஓம் அன்ரி" என்று சொன்னேன். அங்கிள் தேறட்டும், பிறகு சொல்வோம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பிறகு என்பது நான்கு மாதம் ஆனது. மல்வேர்னில் அவர்கள் வீட்டுக் குசினியில் நின்று சொன்னேன். அன்ரி அடுப்பை நிறுத்தினார். கதிரையில் இருந்தார். "நான் கேட்டனான், பிள்ளை," என்றார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மேலதிகாரியிடம் போனேன். படிவத்தில் இன்னொரு கேள்வி சேர்க்க வேண்டும், கொண்டுபோய் விடுகிறவர் எப்படித் திரும்புவார் என்று கேட்க வேண்டும் என்றேன். அவர் கெட்ட மனிதரில்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "இது பயணிகளுக்கான படிவம்," என்றார். அந்தக் கேள்வி இன்றுவரை படிவத்தில் இல்லை. நான் எல்லாச் சாரதிகளிடமும் வாயால் கேட்கிறேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் பதில் சொல்ல நேரமெடுப்பார்கள்.

அந்தச் சாரதி மறுபடி என்னோடு பேசியது, வான் எரிந்து இரண்டு மாதம் கழித்து. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று எழுதிவைத்திருந்தேன். அவருடைய குரலைக் கேட்டதும் எல்லாம் மறந்துபோனது. ஏன் விமான நிலையத்திலேயே தங்கவில்லை என்று கேட்டுவிட்டேன்.

"மகள் வீட்டில தனிய," என்றார். "அந்த றோட்டு எனக்கு ஆபத்து எண்டு போகேக்கையே தெரியும்."

"நான் உங்களைப் பற்றிக் கேக்கேல்ல."

"இல்லை. நீங்கள் பயணிகளைப் பற்றிக் கேட்டீங்கள். நான் அதுக்குப் பதில் சொன்னன்," என்றார். "கேட்டிருந்தாலும் நான் போயிருப்பன், மிஸ் கனடா. ஆனா கேட்டிருக்கலாம்."

ஒரு சொல்லிலும் கோபம் இருக்கவில்லை. நான் போனை வைத்துவிட்டு வாகனத் தரிப்பிடத்துக்குப் போய், காருக்குள் கனநேரம் இருந்தேன். இறங்குகிற விமானம் ஒவ்வொன்றும் தலைக்கு மேலால் போனது. நிறங்களை நம்பி வெயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள்.

அது நடந்து ஐந்து வருடமாகிறது. அவர் இப்போது வாகனம் ஓட்டுவதில்லை. வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் அழைப்புகளை எடுத்து ஆட்களை அனுப்புகிறார். அன்ரி மாதமொருமுறை தன் உடைந்த ஆங்கிலத்தில் அவரோடு பேசுகிறார். என்ன பேசுவார்களோ தெரியாது. போன மாதம் அன்ரி எனக்கு எடுத்தார்.

"நாங்கள் ரெண்டு பேரும் போய் அவரைப் பாக்கப்போறம். அங்கிளுக்கு ஒரே பிடிவாதம். உந்த ஊர் இப்ப எப்பிடி, பிள்ளை?"

அந்த வாரம் நான் போட்டிருந்த நிறம் மஞ்சள். ஆனால் மஞ்சள் என்று அன்ரியிடம் சொல்ல வாய் வரவில்லை. சாரதியையே கூப்பிட்டேன். வரச்சொல்லலாமா என்று கேட்டேன். யார் வந்து ஏற்றுவார்கள், அவர்கள் எத்தனை மணிக்கு, எந்த வழியால் வீட்டுக்குத் திரும்புவார்கள் என்று எல்லாம் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு, "பதினொரு வருசமா என்னட்டைக் கேட்டுக் கேட்டு எழுதுறீங்கள்," என்றார். "ஒருக்கா வந்து பாத்திட்டு எழுதினால் என்ன?"

நான் லீவு எடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை மூன்று பேருமாகப் போகிறோம். அன்ரி சாரதியின் மகளுக்கு ஒரு சேலை வாங்கி வைத்திருக்கிறார். அங்கிள் மாத்திரைகளை இரண்டு பைகளில் பிரித்து அடுக்குகிறார். எத்தனையோ பேரை அந்த ஊருக்குப் போகலாம் என்று எழுதி அனுப்பியவள் நான். இப்போது என் பெட்டியை மூன்றாம் முறையாகத் திறந்து அடுக்குகிறேன். குரலாக மட்டும் இருந்தவர் விமான நிலைய வாசலில் நிற்பார். அந்த முகத்தை, எஞ்சியிருக்கிற அந்த ஒரு கண்ணை, நான் நேராகப் பார்க்க வேண்டும்.